கசடின் கணக்கு: ஆண்டிமடத்து மலக்குழியிலிருந்து சிமென்ட் ஆலைப் புகைபோக்கி வரை

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அமைந்த ஊர் ஆண்டிமடம். அரியலூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகர்களுள் ஒன்று. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் அதுவே. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகளைப் போலவே இங்கும் வீடுகளின் மலக்கழிவு செப்டிக் டேங்கிலோ உறிஞ்சு குழியிலோதான் சேர்கிறது. குழி நிறைந்தால் தொலைபேசியில் அழைக்கிறார்கள், லாரி வருகிறது, குழாய் இறங்குகிறது, அரை மணி நேரத்தில் லாரி புறப்பட்டுவிடுகிறது. அடியில் இறுகிப்போன கசடு குழாய்க்கு வராதபோது, யார் உள்ளே இறங்கிக் கிளறிவிடுவது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கான விடையை ஊர் எப்போதும் சேரியில்தான் தேடி வந்திருக்கிறது.

இந்தக் காட்சியில் எங்கும் ஒரு தாள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை லிட்டர் எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், எங்கே கொட்டினார், உள்ளே எவரேனும் இறங்கினாரா என்பவை எழுதப்படாமலேயே வேலை முடிந்துவிடுகிறது. எழுதப்படாத வேலையில் நேரும் மரணம் விபத்தாகிறது. எழுதப்படாத இடத்தில் கொட்டப்பட்ட கழிவு எவருடையதும் அல்லாததாகிறது.

உலகின் வேறொரு பகுதியில் இதே கசடுக்கு மிக விரிவான கணக்கு எழுதப்படுகிறது. கழிவுநீர்க் கசடை எரிக்கும் உலைகள் தம் புகைபோக்கியிலிருந்து என்ன வெளிவருகிறது என்பதை அளந்து, பதிந்து, அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என அமெரிக்கச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்த விதிமுறை எவ்வாறு இயங்குகிறது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன, அரியலூர் மாவட்டத்தில் அதைப் பயன்படுத்தி எந்த ஆவணங்களைக் கோர முடியும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம். குழியில் தொடங்கிப் புகைபோக்கியில் முடியும் கசடின் பாதை முழுவதற்கும் ஒரே கணக்கு வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. பாதையின் ஒரு முனைக்கு மட்டும் பதிவேடு வைத்து மறுமுனையை இருட்டில் விடும்போது, அந்த இருட்டில் நிற்பவர்கள் தலித்துகளாகவே இருக்கிறார்கள்.

கசடு என்பது என்ன, எங்கே போகிறது?

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது நீர் தெளிந்து வெளியேற, அடியில் தங்கும் சேறு போன்ற பொருளே கழிவுநீர்க் கசடு. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்கின் அடியில் தங்குவதை மலக்கசடு என்கிறோம். இரண்டிலும் கரிமப் பொருள், நோய்க் கிருமிகள், குடற்புழுக்களின் முட்டைகள் ஆகியன உண்டு. தொழிற்சாலை, பட்டறை, மருத்துவமனைக் கழிவுநீர் கலக்கும் நகரங்களின் கசடில் காரீயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்களும் சேரும்.

கசடை அப்புறப்படுத்த மூன்று வழிகள் உண்டு. உலர்த்தி, கிருமி நீக்கி, மண்ணுக்கு உரமாக இடலாம். குப்பைக் கிடங்கில் புதைக்கலாம். எரிக்கலாம். தமிழ்நாட்டில் மலக்கசடுக்கெனத் தனியே அமைந்த முதல் சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் கருங்குழிப் பேரூராட்சியில் செயற்பாட்டுக்கு வந்தது. அது உலர் படுகைகளைக் கொண்டு இயங்கும் நிலையம். இந்தியாவில் கசடை எரிப்பது இன்னும் பரவலான வழக்கமாகவில்லை. ஆயினும் உலர்ந்த கசடு எரியக்கூடிய பொருள். சிமென்ட் ஆலைகளின் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து அதை எரிக்கலாம் என்பது தொழில்நுட்ப வல்லுநர்கள் முன்வைக்கும் தெரிவுகளுள் ஒன்று. சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டத்துக்கு இது தொலைவான செய்தி அல்ல.

எரிக்கும்போது நடப்பது

தீயில் இட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்பது பொதுப் புத்தி. கரிமப் பொருளும் கிருமிகளும் அழியும் என்பது உண்மை. உலோகங்கள் அழிவதில்லை. காரீயமும் காட்மியமும் ஓரளவு ஆவியாகி, நுண்துகள்களின் மேல் படிந்து, புகையோடு போகும். எஞ்சியது சாம்பலில் தங்கும். பாதரசம் ஏறத்தாழ முழுவதும் ஆவியாகிவிடும். அதைப் பிடித்து நிறுத்தத் தனி ஏற்பாடு தேவை.

இரண்டாவது ஆபத்து டயாக்சின், ஃபியூரான் எனப்படும் நச்சுச் சேர்மங்கள். எரிபொருளில் குளோரின் இருந்து, எரிதல் முழுமையடையாதபோது இவை உருவாகின்றன. புகை குளிரும் வழியில், ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலையில் மீண்டும் உருவாகின்றன. மண்ணில் விழுந்து, புல்லில் ஏறி, மாட்டின் பாலிலும் கோழியின் முட்டையிலும் சேர்ந்து மனித உடலின் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கக்கூடியவை. புற்றுநோய், கருவளர்ச்சிக் குறைபாடுகள் ஆகியவற்றோடு தொடர்புடையவை.

டயாக்சினைக் கண்ணால் காண முடியாது. மூக்கால் அறிய முடியாது. தொடர்ந்து அளந்து காட்டும் எளிய கருவியும் இல்லை. புகைபோக்கியில் பல மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆண்டில் ஓரிரு நாள் மட்டுமே எடுக்கப்படும் மாதிரியைக் கொண்டு மற்ற நாட்களின் நிலையை எவ்வாறு அறிவது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பதிவேடு பிறந்தது.

புகைபோக்கியின் பதிவேடு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கழிவுநீர்க் கசடு எரிஉலைகளுக்கான விதிகளை 2011 மார்ச் மாதத்தில் இறுதி செய்தது. புதிய உலைகளுக்கும் ஏற்கெனவே இயங்கும் உலைகளுக்கும் தனித்தனி வரம்புகள் உள்ளன. நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்சின்–ஃபியூரான், பாதரசம், நைட்ரஜன் ஆக்சைடுகள், கந்தக டை ஆக்சைடு, காட்மியம், காரீயம் ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. சாம்பலை அள்ளும்போது பறக்கும் தூசிக்கும் வரம்பு உண்டு.

ஓர் உலை ஆண்டுக்கு ஒரு முறை முழுச் சோதனைக்கு உள்ளாகிறது. அச்சோதனையில் வரம்புக்குள் புகை வந்தபோது உலையின் வெப்பம் எவ்வளவு, புகையைக் கழுவும் நீர் எவ்வளவு வேகத்தில் ஓடியது, அந்நீரின் அமிலத்தன்மை என்ன, புகை கழுவும் கருவியில் அழுத்த வேறுபாடு எவ்வளவு என்பவை குறிக்கப்படுகின்றன. பின்னர் ஆண்டு முழுவதும் அந்த அளவுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு, குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகின்றன. உலையில் இடப்படும் கசடின் அளவும் அதன் ஈரப்பதமும் பதியப்படுகின்றன. டயாக்சினை நாள்தோறும் அளக்க இயலாது. ஆனால் டயாக்சின் உருவாகாத நிலையில் உலை இயங்கியதா என்பதை ஒவ்வொரு கால் மணி நேரமும் அறியலாம். பதிவேட்டின் பொருள் இதுவே.

விலகல் நேர்ந்தால் அதையும் எழுத வேண்டும். வெப்பம் குறைந்த நேரம், கருவி பழுதான நேரம், சுத்திகரிப்புக் கருவிகளைத் தாண்டிப் புகையை நேரே வெளியேற்றும் மாற்று வழி திறக்கப்பட்ட நேரம் ஆகியவற்றைத் தேதி, கால அளவு, காரணம், திருத்த நடவடிக்கை ஆகியவற்றோடு பதிய வேண்டும். மாற்று வழி திறக்கப்பட்டாலே அது விலகல்தான். ஆண்டறிக்கை ஒன்றும், விலகல் நேர்ந்த அரையாண்டுக்குத் தனி அறிக்கை ஒன்றும் அரசுக்குப் போக வேண்டும். பதிவுகள் குறைந்தது 5 ஆண்டுகள் காக்கப்பட வேண்டும். ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும்.

இந்த விதியில் நம் கவனத்துக்குரிய ஒரு கூறு உண்டு. உலையை இயக்குபவர் பயிற்சி பெற்றுத் தகுதி அடைந்தவராக இருக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்களின் பெயர்களும், அவர்கள் ஆண்டுதோறும் மறுபயிற்சி பெற்ற தேதிகளும் பதிவேட்டின் பகுதி. தகுதியுள்ள இயக்குநர் உலையருகே இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். உலையின் வெப்பத்தை எழுதும் அதே ஆவணத்தொகுப்பில் அதனருகே நிற்கும் தொழிலாளியின் பெயரும் பயிற்சியும் எழுதப்படுகின்றன.

அமெரிக்காவை முன்மாதிரி நாடாகக் காட்டுவது நம் நோக்கம் அன்று. வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில், நச்சு மண்ணைப் புதைக்கும் கிடங்கை அமைத்தபோது 1982-இல் மக்கள் சாலையில் படுத்து மறித்தனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நச்சுக் கழிவு இடங்களுக்கும் இனத்துக்கும் உள்ள தொடர்பை ஐக்கியக் கிறித்துவத் திருச்சபையின் ஆணையம் 1987-இல் அறிக்கையாக வெளியிட்டு நிறுவியது. கழிவு எங்கே போகும் என்பதை அங்கே இனமும் இங்கே சாதியும் தீர்மானிக்கின்றன. அம்மக்கள் தம் வாதத்தை நிறுவப் பதிவுகளைக் கருவியாக்கினர் என்பதே நமக்கான பாடம்.

போபாலில் இறந்தவர்களும் அமெரிக்கர் பெற்ற உரிமையும்

தொழிற்சாலைகள் தம் நச்சு வெளியேற்றத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்கா 1986-இல் இயற்றியது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது 1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுப் பேரழிவு. அச்சட்டத்தின் கீழ், எந்த ஆலை எந்த நச்சுப் பொருளை எவ்வளவு காற்றிலும் நீரிலும் மண்ணிலும் விட்டது என்னும் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது. எவரும் தம் ஊரின் பெயரைத் தேடிப் படிக்கலாம். இந்திய மண்ணில் இந்தியர்கள் மாண்டதன் விளைவாக அமெரிக்கக் குடிமக்கள் அறியும் உரிமையைப் பெற்றனர். அதற்கு இணையான நாடு தழுவிய பொதுப் பட்டியல் இந்தியாவில் இன்றுவரை இல்லை.

இதனால் இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று கருதிவிடக் கூடாது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் கருவிகள் நம் கையில் உள்ளன.

அரியலூரின் சூளைகள்

இந்தியாவில் கழிவுநீர்க் கசடு எரிஉலைக்கென அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற தனி விதித்தொகுப்பு இல்லை. அதற்கு அருகில் இருப்பவை இரண்டு. ஒன்று, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை எரிஉலைகளுக்கு வகுத்த உமிழ்வு வரம்புகள். நுண்துகள் ஒரு கன மீட்டர் புகையில் 50 மில்லிகிராம். டயாக்சின்–ஃபியூரான் நச்சுச் சமன் அளவில் 0.1 நானோகிராம், உலையின் வெப்பம் குறைந்தது 950 டிகிரி, அந்த வெப்பத்தில் புகை குறைந்தது 2 நொடி தங்க வேண்டும் என அவை கூறின.

மற்றொன்று, கழிவுகளையும் சேர்த்து எரிக்கும் சிமென்ட் ஆலைகளுக்கு நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 மே மாதத்தில் அறிவித்த வரம்புகள். இங்கும் டயாக்சினுக்கு 0.1 நானோகிராமும் பாதரசத்துக்கு 0.05 மில்லிகிராமும் வரம்பு. நகரங்களின் பழைய குப்பைக் கிடங்குகளைக் கிளறிப் பிரிக்கும்போது கிடைக்கும், மறுசுழற்சிக்கு உதவாத எரியக்கூடிய கழிவு அரியலூர்ப் பகுதி சிமென்ட் ஆலைகளுக்கு லாரிகளில் வருகிறது. சூளையினுள் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடேறுவதால் கரிமப் பொருள் முழுமையாக எரியும். சாம்பல் சிமென்ட்டோடு கலந்துவிடும். தனியே புதைக்கச் சாம்பல் மிஞ்சாது. இவை இம்முறையின் நன்மைகள். பாதரசம் சிமென்ட்டில் தங்காது, புகையோடு போகும் என்பதும், சூளையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெப்பம் குறையும் என்பதும் இதன் ஆபத்துகள். நன்மை மேலோங்கியதா, ஆபத்து மேலோங்கியதா என்பதைப் பதிவுகள் மட்டுமே சொல்ல முடியும்.

நாளை கசடும் இச்சூளைகளுக்கு வருமானால் இதே கேள்விகள் எழும். ஆகவே வருவதற்கு முன்பே கேட்கப் பழக வேண்டும்.

மாசு மிகுந்த 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியில் தொடர் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தித் தரவுகளை இணையவழியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது. சிமென்ட் அவற்றுள் ஒன்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருவி ஆலைக்குச் சொந்தமானது. அதைப் பராமரிப்பதும் ஆலையே. ஆகவே, வரம்புக்குள் இருந்தது என்று சொல்லும் சராசரி எண்ணை மட்டும் கேட்டால் போதாது. கருவி எத்தனை மணி நேரம் இயங்கவில்லை, எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, வரம்பு மீறிய நேரங்கள் எவை என்பவற்றையும் கேட்க வேண்டும். பெரும்பாலான உண்மை அந்த இடைவெளிகளில்தான் இருக்கும்.

புகைபோக்கி எங்கே அமைகிறது என்பதும் இதனோடு பிணைந்த கேள்வி. சென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டத்தை எதிர்த்து 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றனர். நகரம் முழுவதும் உண்டாக்கிய குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டது உழைக்கும் மக்கள் வாழும் அந்தப் பகுதியில்தான். எரிக்கவும் அதே பகுதிதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. நவீனத் தொழில்நுட்பம் என்ற பெயர் சூட்டப்பட்டாலும் இடத்தேர்வின் தர்க்கம் பழையதாகவே இருக்கிறது.

குழியின் முனையில் பதிவு உண்டா?

இனிப் பாதையின் தொடக்கத்துக்குத் திரும்புவோம். செப்டிக் டேங்கினுள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் தேங்குகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று எண்ணி இறங்குபவர் அங்கேயே மயங்கி விழுவது இதனால்தான். அவரைத் தூக்கச் செல்லும் இரண்டாமவரும் மூன்றாமவரும் மாண்டுபோவதும் இதனால்தான். புகைபோக்கியில் வாயுவை அளக்கக் கருவி கட்டாயம்; குழியின் வாயிலில் அதே வாயுவை அளக்கும் கையடக்கக் கருவியோ மலிவானது, ஆனால் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்து, மறுவாழ்வுக்கு வழிசெய்யும் சட்டம் 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்பு ஏற்பாடின்றிக் கழிவுநீர்க் கால்வாயிலோ மலக்குழியிலோ ஒருவரை இறக்குவதை அதன் 7-ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம் என 9-ஆம் பிரிவு கூறுகிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ இப்பணியில் ஈடுபடுத்துவது, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெ) பிரிவின்படியும் குற்றம்.

2013-ஆம் ஆண்டின் விதிகள் பதிவேட்டைப் பற்றியும் பேசுகின்றன. எந்திரத்தால் இயலாத, தவிர்க்க முடியாத சூழலில் ஒருவரை இறக்க நேர்ந்தால், உள்ளாட்சியின் தலைமை அலுவலர் அதற்கான குறிப்பான காரணங்களை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியலையும் விதிகள் தருகின்றன. ஆகவே, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் ஓர் அனுமதித் தாள் இருந்தாக வேண்டும். அத்தாள் இல்லையெனில் அந்த இறக்கம் சட்டவிரோதமானது. மரணம் நிகழ்ந்த இடங்களில், இறந்தவர் தாமாகவே இறங்கினார் என்று சொல்லப்படும் கதையை உடைக்க இந்தத் தாளைப் பற்றிய கேள்வி ஒன்றே போதும்.

செப்டிக் டேங்க் கழிவு பற்றியும் தமிழ்நாடு அரசு 2014 செப்டம்பரில் உள்ளாட்சிகளுக்குச் செயல்முறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொட்டியின் வடிவமைப்பு, கழிவை உறிஞ்சுதல், கொண்டுசெல்லுதல், சுத்திகரித்தல், கட்டணம் என விரியும் அதன் தலைப்புகளுள் பதிவேடும் அறிக்கையும் ஒன்று. ஆகவே, லாரியின் ஒவ்வொரு நடையையும் பதிவு செய்யும் எண்ணம் அரசின் கோப்பில் பத்தாண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றுவிட்டது. அது கோப்பிலிருந்து சாலைக்கு வந்ததா என்பதே கேள்வி.

பதிவின் சொற்கள் எவ்வாறு மனிதர்களை மறைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021-இல் கையால் மலம் அள்ளும் பணியால் ஒருவரும் இறந்ததாகப் பதிவு இல்லை என நடுவண் அரசு மாநிலங்களவையில் பதிலளித்தது. கழிவுநீர்க் கால்வாயையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்ததாக அடுத்த சில நாட்களில் அதே அரசு கூறியது. மலக்குழியில் இறங்குவதற்கு ‘அபாயகரச் சுத்திகரிப்பு’ என வேறு பெயர் கொடுக்கப்பட்டதால், 941 உயிர்கள் ஒரு பட்டியலில் பூச்சியமாயின. தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்தின் கணக்குகளில் இத்தகைய மரணங்கள் மிகுந்த மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இடம்பெற்று வந்துள்ளது.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் இவ்வாறு இறந்தோர் அனைவரின் குடும்பங்களையும் அடையாளம் கண்டு 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று வழங்கிய தீர்ப்பில் இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. அடையாளம் காண வேண்டும் என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. வேலைக்கு அமர்த்தியதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லாத குடும்பம், தம் மகன் அந்தக் குழிக்குள் யாருக்காக இறங்கினான் என்பதை மெய்ப்பிக்க ஆண்டுக்கணக்கில் அலைகிறது.

நடுவண் அரசின் ‘நமஸ்தே’ திட்டம் கழிவுநீர்க் கால்வாய், மலக்குழித் தொழிலாளர்களைக் கணக்கெடுக்கிறது. 2024-இல் வெளியான தரவின்படி, 3,000-க்கும் மேற்பட்ட நகர உள்ளாட்சிகளில் விவரம் சேகரிக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் சுமார் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டும் சுமார் 69 விழுக்காடு. நாம் அறிந்ததை அரசின் எண்களே உறுதி செய்கின்றன. ஆனால் இக்கணக்கெடுப்பு நகர உள்ளாட்சிகளை மையமாகக் கொண்டது. ஆண்டிமடம் போன்ற ஊராட்சியில், அழைக்கும்போது மட்டும் வந்து இறங்கும் கூலித் தொழிலாளி இதில் எளிதாக விடுபட்டுப் போவார்.

பெயரை எழுதுவதில் உள்ள தயக்கம்

இங்கே தோழர்கள் எழுப்பும் நியாயமான ஐயம் ஒன்று உண்டு. பெயரை எழுதுவது அவரை அந்த வேலையோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடாதா? சாதியைத் தொழிலோடு கட்டிய பழைய கணக்குப் புத்தகத்தின் புதிய பதிப்பாகிவிடாதா? இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. பட்டியலில் பெயர் ஏறினால் பிள்ளைகளின் பள்ளியிலும் வாடகை வீட்டிலும் செய்தி பரவும் என்று அஞ்சிக் கணக்கெடுப்பைத் தவிர்க்கும் குடும்பங்கள் உள்ளன.

ஆகவே எந்தப் பதிவேடு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாம் கோருவது முதன்மையாக வேலை கொடுப்பவரைப் பற்றிய பதிவு: லாரி யாருடையது, அழைத்தவர் யார், அனுமதி தந்த அலுவலர் யார், எந்தக் கருவி கொடுக்கப்பட்டது, வாயு அளக்கப்பட்டதா, கசடு எங்கே இறக்கப்பட்டது. தொழிலாளியின் பெயர் அதில் இடம்பெறுவது கூலிக்கும் காப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் சான்றாகவே. அது அவர் அந்த வேலையிலிருந்து வெளியேறும் வழியைத் திறக்க வேண்டும். பொதுவெளியில் அவரது சாதியை அறிவிக்கும் பலகையாகிவிடக் கூடாது.

நாம் கோரக்கூடிய ஆவணங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அச்சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, நகல் கேட்கும் உரிமையோடு ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் மாதிரி எடுக்கும் உரிமையையும் தருகிறது. கல்லூரி மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பின்வருவனவற்றைக் கோரலாம்.

வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் ஊராட்சியிலும்: செப்டிக் டேங்க் கழிவு எடுக்க உரிமம் பெற்ற லாரிகளின் பட்டியல், கழிவை இறக்க ஒதுக்கப்பட்ட இடம், கடந்த 3 ஆண்டுகளில் மனிதரை இறக்க வழங்கப்பட்ட எழுத்துமூல அனுமதிகளின் எண்ணிக்கையும் நகல்களும், பாதுகாப்புக் கருவிகள் வாங்கிய, வழங்கிய பதிவேடு.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்: 2013 சட்டத்தின்படி அமைந்த மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகள். இக்குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். எத்தனை முறை கூடியது என்ற கேள்வியே பல உண்மைகளை வெளிக்கொணரும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில்: சிமென்ட் ஆலைகளுக்குத் தரப்பட்ட இசைவாணைகளின் நகல், எந்தெந்தக் கழிவை எவ்வளவு எரிக்க அனுமதி என்ற விவரம், கடைசியாக டயாக்சின், பாதரசம் அளந்த தேதியும் முடிவும், தொடர் கண்காணிப்புக் கருவி இயங்காத மணி நேரங்கள், ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் ஆலைகள் அளிக்க வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கையின் நகல்.

வாரியத்திடம் கேட்க இன்னொரு வழியும் உண்டு. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, இசைவாணை பெற்ற ஆலைகளையும் அவற்றுக்கு விதிக்கப்பட்ட உமிழ்வு வரம்புகளையும் கொண்ட பதிவேடு ஒன்றை மாநில வாரியம் பராமரிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்படும் எவரும் அதைப் பார்வையிடலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கும் இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

தனிநபர் விவரம், வணிக இரகசியம் என்று காரணம் காட்டிப் பதில் மறுக்கப்படலாம். ஆகவே தொழிலாளர் பெயர்களைக் கேட்காமல் எண்ணிக்கை, தேதி, இடம், அனுமதி தந்த அலுவலரின் பதவி ஆகியவற்றைக் கேட்பது நல்லது. உமிழ்வு எண்ணை மறைத்தால் பொதுநலன் மேலோங்கும் என மேல்முறையீட்டில் வாதிடலாம். பதிவு இல்லை என்று பதில் வந்தால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். பதிவு இல்லை என்று கையொப்பமிட்டு வரும் கடிதமே, விதி மீறப்பட்டதற்கான எழுத்துச் சான்று. அதை நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் அரியலூர் மாவட்டத்தில் சுமார் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். கசடை எடுப்பவரும், அது கொட்டப்படும் நிலத்தருகே வாழ்பவரும், எரியும்போது புகையைச் சுவாசிப்பவரும் இம்மக்களிடையே மிகுதி. இப்பாதையில் எந்திரம் வர வேண்டும், எவரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்பதே நம் இறுதிக் கோரிக்கை. அதுவரை, புகைபோக்கியின் வெப்பத்தைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதும் அதே கண்டிப்போடு, ஆண்டிமடத்துத் தெருவில் வந்து நிற்கும் லாரியின் ஒவ்வொரு நடையும் எழுதப்பட வேண்டும். அடுத்த முறை அந்த லாரியை நாம் காணும்போது, அதன் எண்ணையும் தேதியையும் நம் குறிப்பேட்டில் எழுதித் தொடங்குவோம்.